பேரிளம்பெண்ணுக்கு அப்பால்: சோழநாட்டு மருத்துவ வரலாற்றில் பெயர்பெறாப் பருவம்

முன்னுரை

பெண்ணின் உடல்வாழ்வுக்கு வாயில்கள் இரண்டு. பூப்புத் தோன்றுதல் ஒன்று. அது நிற்றல் மற்றொன்று. முன்னதற்குத் தமிழில் பெயர்களும் பல, சடங்குகளும் பல, ஊட்டும் உணவு வகைகளும் பல. பூப்பெய்துதல், பருவமடைதல், ஆளாதல், சமைதல், வயதுக்கு வருதல் என்றிவ்வாறு இடத்துக்கும் குடிக்கும் ஏற்பச் சொற்கள் வழங்குகின்றன. பின்னதற்கோ, மக்கள் வழக்கில் வேரூன்றிய பெயர்ச்சொல் ஒன்றனைக் காண்டல் அரிது. ‘நின்றுவிட்டது’ என எழுவாயைக் கூறாது விடுத்த வினைமுற்றே பெரும்பான்மையும் அந்நிலையைக் குறிக்கின்றது. நின்றது யாது என்பதைக் கேட்போரே உய்த்துணர்ந்து கொள்ளல் வேண்டும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் அமைந்ததா, அன்றி மருத்துவ நிலையங்களின் அமைப்பிலும் புகுந்து நின்றதா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகும் வினா. தஞ்சையை நடுவாகக் கொண்ட காவிரிப் பாசன நாட்டை இவ்வாராய்ச்சிக்குக் களமாகக் கொண்டோம். கல்வெட்டு, சிற்றிலக்கியம், ஏட்டுச்சுவடி, இக்கால மருத்துவமனை ஆகிய நான்கு வகைச் சான்றுகளும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலம் ஒரே நிலப்பரப்பில் தொடர்ந்து கிடைத்தல் அருமை. அவ்வருமை இந்நாட்டுக்கு உண்டு. பூப்பு நிற்கும் பருவத்தைப் பற்றிய அறிவு இந்நாட்டில் இல்லாமற் போகவில்லை என்பதும், அவ்வறிவுக்கு உரிய நிலையமும் பெயரும் அமையாது போயின என்பதும், அக்குறை இன்றும் பெண்டிர் உயிரைத் தொடும் குறையாக உள்ளது என்பதும் இக்கட்டுரையால் நிறுவப்படும்.

நாற்பதில் முடிந்த கணக்கு

உலா என்னும் சிற்றிலக்கியம் மகளிரை ஏழு பருவத்தினராகப் பகுக்கும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பன அவை. பாட்டியல் நூல்களின் வழிவந்த கணக்கு நூலுக்கு நூல் சிறிது வேறுபடினும், பலரும் அறிந்த முறைப்படி பேதைப் பருவம் 5 முதல் 7 வரையும், பெதும்பை 8 முதல் 11 வரையும், மங்கை 12, 13 ஆகிய ஆண்டுகளும், மடந்தை 14 முதல் 19 வரையும், அரிவை 20 முதல் 25 வரையும், தெரிவை 26 முதல் 31 வரையும், பேரிளம்பெண் 32 முதல் 40 வரையும் ஆகும். நாற்பதோடு கணக்கு முடிந்து விடுகின்றது. நாற்பத்தோராம் ஆண்டில் புகும் பெண்ணுக்குப் பாட்டியல் பெயரிடவில்லை.

ஆடவர்க்கு வகுத்த பருவங்களோடு இதனை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. அவ்வரிசையின் இறுதியில் நிற்பவன் முதுமகன். அவன் முப்பதாண்டைக் கடந்தவன். அவனுக்கு மேல் எல்லை கூறப்படவில்லை. ஆடவனின் இறுதிப் பருவம் திறந்து கிடப்ப, பெண்ணின் இறுதிப் பருவம் மூடப்பட்டது. உலாவின் பொருள் காதலே ஆதலின் மருத்துவம் கூறல் அதன் கடன் அன்று என ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பு பொருத்தமுடைத்தே. யாம் உலாவைக் குறைகூற வந்தோமல்லோம். ஆயின் ஓர் இலக்கிய வகைக்கென அமைந்த பகுப்பே பிற்காலத்தில் மகளிர் பருவங்களின் பொதுக் கணக்காக ஏடுகளிலும் பள்ளிகளிலும் பரவிற்று. அதனால் அதன் எல்லை மொழியின் எல்லையாகவும் ஆயிற்று என்பதே கருதத்தக்கது.

இலக்கியத்தில் முதுமகளிர் இலரோ எனின், உளர். செவிலித்தாய், நற்றாய், மறக்குடி மூதாட்டி, மனைமுதிர் பெண்டிர் எனச் சங்கப் பாடல்களில் அவர் பலராகக் காணப்படுவர். எனினும் அவர் தம் மகவோடு கொண்ட உறவால் அறியப்படுகின்றனரே ஒழிய, தம் உடல் மாறிச் சென்ற வழியால் அறியப்படுகின்றிலர். தொல்காப்பியக் கற்பியல், பூப்புத் தோன்றிய பின்னர்ப் பன்னிரண்டு நாள் தலைவன் தலைவியை அகன்றுறைதல் ஆகாது என வகுத்துள்ளது. கருத்தங்குதலோடு அதனை இயைத்து உரைகண்ட மரபும் உண்டு. பூப்பு, கருவுக்கு வாயில் என்ற அளவிலேயே அங்கும் பேசப்படுகின்றது. இந்நாட்டுக் கடற்கரையிலே பிறந்த காரைக்காலம்மையார் வரலாற்றைப் பெரியபுராணத்தில் காண்போர் மற்றொன்றையும் காண்பர். அவர் தம் இளமையையும் தசையையும் உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றார். இளமைக்கும் அவ்வுருவுக்கும் இடையே நடுப்பருவம் என ஒன்று அங்கு இல்லை. தெய்வ அருளால் ஒரு கணத்தில் நிகழ்ந்த அம்மாற்றம், ஏனைய பெண்டிர்க்கு ஐந்தாறு ஆண்டுகளில் மெல்ல மெல்ல நிகழ்வது; அதனைப் பாடினார் இலர்.

திருவாவடுதுறைக் கல்வெட்டு

உலா இலக்கியத்துக்குப் பெருமை தேடித் தந்த ஒட்டக்கூத்தர் மூவருலாவுள் முதலாவது விக்கிரம சோழன் மேல் பாடப்பெற்றது. அம்மன்னன் 1118 முதல் 1135 வரை ஆண்டவன். அவனுடைய ஆட்சியில், 1121-ஆம் ஆண்டில் பொறிக்கப்பெற்ற திருவாவடுதுறைக் கல்வெட்டு ஒன்று மருத்துவ வரலாற்றுக்கு இன்றியமையாத செய்தியைத் தருகின்றது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள அவ்வூரின் மடத்தில் இலக்கணத்தோடு மருத்துவமும் கற்றோர்க்கு உணவு அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அவர் பயின்ற மருத்துவ நூல்களாகச் சரக சங்கிதையும் வாக்படரின் அட்டாங்க இருதயமும் குறிக்கப்பட்டுள.

இக்குறிப்பின் சிறப்பு யாது? அட்டாங்க இருதயத்தின் சாரீரப் பகுதி, மாதப்பூப்பு பன்னிரண்டாண்டுக்கு மேல் தோன்றி ஐம்பதாம் ஆண்டளவில் ஒழியும் எனத் தெளிவாக வரையறுக்கின்றது. சுச்சுருத சங்கிதையும் இவ்வாறே கூறும். சரக சங்கிதையோ மகளிர் உறுப்பு நோய்களை இருபதாக வகுத்து மருந்து கூறும். எனவே விக்கிரம சோழன் காலத்தில் காவிரிக் கரையில் மருத்துவம் பயின்ற மாணவர், பூப்பு நிற்கும் ஆண்டு இதுவெனப் பாடம் கேட்டவராவர். அதே மன்னன் வீதியுலா வந்த பாட்டில் மகளிர் பருவம் நாற்பதோடு நிறைவுற்றது. ஒரே அரசன், ஒரே நாடு, ஒரே தலைமுறை. மருத்துவ ஏட்டில் ஐம்பது, இலக்கிய ஏட்டில் நாற்பது. இடைப்பட்ட பத்தாண்டுகளே பூப்பு ஒழுங்கு குலைந்து நிற்கும் ஆண்டுகள் என்பது எண்ணத்தக்கது. இந்தியப் பெண்டிர்க்குச் சராசரியாக 46 ஆண்டளவில் பூப்பு நிற்கின்றது என்றும், மேலைநாட்டார்க்கு அது 51 என்றும் இக்கால ஆய்வாளர் கூறுவர். நாற்பத்தாறு, பாட்டியல் கைவிட்ட பத்தாண்டின் நடுவில் விழுகின்றது.

வடமொழி மருத்துவ நூல்கள் இந்நிறுத்தத்தை மூப்பின் இயல்பாகவே கொண்டன, நோயாகக் கொண்டில. அது செம்மையான கொள்கையே. ஆயின் இயல்பு என்று கூறியவுடன் அதற்கு மேல் ஆராய வேண்டுவதில்லை என்னும் முடிவும் உடன்வந்து சேர்ந்தது. மகப்பேறும் இயல்பே, எனினும் அதற்குத் தனிப் பகுதிகள் விரிவாக எழுதப்பட்டன. இயல்பான ஒன்றிலும் இடர் உண்டு என்னும் நோக்கு மகப்பேற்றின்கண் செலுத்தப்பட்ட அளவு பூப்பொழிவின்கண் செலுத்தப்படவில்லை.

தமிழ்ச் சித்த மருத்துவம் நோய்ப்பெயர்களில் வளமுடையது. மிகுதியாகப் பெருகும் குருதிப்போக்கு பெரும்பாடு எனப்பட்டது. பூப்புத் தடைப்படல் சூதகக்கட்டு எனப்பட்டது. வெள்ளை, வெட்டை, சூதகவலி, சூதகவாயு எனப் பிறவும் உள. மாந்தர் ஆயுளை நூறெனக் கொண்டு, முப்பத்துமூன்று ஆண்டு நான்கு திங்களாக மூன்று கூறு செய்து, வாதம், பித்தம், கபம் என்பனவற்றுக்கு முறையே உரிமையாக்கும் மரபும் அதன்கண் உண்டு. அக்கணக்கின்படி நாற்பத்தாறு பித்த காலத்தின் நடுவாகும். உடல் திடுமெனக் காந்துதல், வியர்த்தல், உறக்கம் கெடுதல், சினம் மிகுதல் ஆகியவற்றைப் பித்தத்தின் மிகுதியாக ஒரு வைத்தியர் காணுதற்கு அங்கே இடம் இருந்தது. ஆயின் இவை யாவும் தனித்தனிக் குறிகளாக நின்றன. ஒரு பருவத்தின் ஒரு தொகுதியாக ஒரு பெயரின்கீழ் நிலைபெற்றில.

ஆதுலசாலையும் அதன் பணிமகளிரும்

இனி நிலையங்களை நோக்குவோம். முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவையார் தம் தந்தை சுந்தர சோழன் பெயரால் தஞ்சையில் விளங்கிய ஆதுலசாலைக்கு நிலக்கொடை அளித்தார் என்பது 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக் கல்வெட்டுகளால் அறியப்படும். நோயுற்றோர்க்கு மருந்து வழங்கும் நிலையத்தை ஒரு பெண்மணி பேணினார் என்பது பெருமைக்குரிய செய்தி. அந்நிலையத்தில் பெண்டிர்க்கென என்ன பகுப்பு இருந்தது என்பதைக் கொடைச்செய்தி விரித்துரைப்பதன்று.

அமைப்பு விரிவாகத் தெரிய வேண்டுமாயின், சோழநாட்டின் எல்லை கடந்து தொண்டைநாட்டுத் திருமுக்கூடலுக்குச் செல்லுதல் வேண்டும். காஞ்சிபுர மாவட்டத்தில், பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் உள்ள அத்திருக்கோயிலில், வீரராசேந்திரன் காலத்து நெடுங்கல்வெட்டு ஒன்று வீரசோழன் என்னும் ஆதுலசாலையின் செலவுக் கணக்கைத் தருகின்றது. அது 1060-களின் இறுதியைச் சார்ந்தது. பதினைந்து நோயாளர்க்குக் கிடக்கை, ஒரு மருத்துவர், அறுவை செய்வான் ஒருவன், மூலிகை கொணர்வார், மருந்து முதலியன ஆக்கி நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் என அது வகுத்துரைக்கும். ஆண்டுதோறும் இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் பட்டியலிடும். இக்கணக்கில் பெண்டிர் தெளிவாகத் தோன்றுவது பணிசெய்வோராகவே. பேணுவோர் எவர் என்பதைக் கல் கூறிற்று. பேணப்பட்டோருள் பெண்டிர் எத்துணையர், அவர்தம் நோய் யாது என்பதைக் கூறிற்றில்லை.

மருத்துவச்சி என்னும் சொல்லின் வரலாறு

சொல்லாராய்ச்சி இவ்விடத்தே துணைசெய்யும். மருத்துவன் என்பதற்குப் பெண்பால் மருத்துவச்சி. பொருளமைதி நோக்கின் மருத்துவம் வல்ல பெண் என்றே அது பொருள்படல் வேண்டும். ஆயின் வழக்கில் அச்சொல் பிள்ளைப்பேறு பார்ப்பவள் என்னும் ஒரு பொருளையே தாங்கி நின்றது. அகராதிகளும் அவ்வாறே குறித்தன. ஆண்பாற்சொல் எல்லா நோய்க்கும் உரியவனைக் குறிப்ப, பெண்பாற்சொல் ஒரு தொழிலுக்குள் ஒடுங்கிற்று. பெண்ணுக்குப் பெண் செய்யும் மருத்துவம் என்றால் மகப்பேறு என்ற கருத்து மொழியிலேயே உறைந்துவிட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மருத்துவச்சியர் அறிந்தது அவ்வளவே என எண்ணுதல் தவறு. முடிதிருத்தும் குடியிற் பிறந்து, ஊருக்கு உழைத்து, நெற்கூலி பெற்று வாழ்ந்த அம்மகளிர், குருதிப்போக்கும் கருப்பை இறக்கமும் வெள்ளையும் கண்டு கைமருந்து கூறியவரே. ஆனால் ஊர் அவரை அழைத்தது பேற்றுக்கே; ஊதியம் குறித்ததும் பேற்றுக்கே. எழுதாக் கல்வியாக நின்ற அவ்வறிவில் பெரும்பகுதி ஏடேறாமலே மறைந்தது.

சரபோசி மன்னர் காலம்

இரண்டாம் சரபோசி மன்னர் 1798 முதல் 1832 வரை தஞ்சையில் ஆண்டார். அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் தமிழ், வடமொழி, யுனானி, ஐரோப்பிய மருத்துவ முறைகள் அனைத்தும் ஒருங்கே ஆராயப்பட்டன. கண்டு தெளிந்த மருந்து முறைகள் தமிழ்ச் செய்யுளாக யாக்கப்பட்டன. அவை சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் 20-ஆம் நூற்றாண்டில் சரசுவதி மகால் நூலகத்தாரால் நோய்வாரியாகப் பதிப்பிக்கப் பெற்றன. கண்நோய், நீரிழிவு, காசசுவாசம் முதலியவற்றோடு, கர்ப்பிணி, பாலர் நோய்களுக்குரிய பகுதியும் அவற்றுள் உண்டு.

அம்மன்னரின் கருணைக்கு மற்றொரு சான்றும் உண்டு. சத்திரங்களின் பணியை விளக்கி 1801-இல் அவர் ஆங்கிலப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில், வழிப்போக்கராக வந்த கருவுற்ற பெண்டிர்க்குச் சத்திரத்திலேயே பேறு பார்க்கப்படும் என்றும், மருந்து அளிக்கப்படும் என்றும், பேற்றின் பின் மூன்று திங்கள் அவர் அங்கே தங்கலாம் என்றும் தெரிவித்துள்ளார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுந்தது. வழியில் வந்த ஏழைப்பெண்ணுக்கு மூன்று திங்கள் இடமளித்த அறம் எந்நாட்டிலும் போற்றத்தக்கது.

ஆயினும் பகுப்பை நோக்குக. கர்ப்பிணி, பாலர் என்னும் இணையில் பெண் மகவோடு சேர்த்தே எண்ணப்படுகின்றாள். கண்நோயாளர் நிலையைத் தனித்தனிக் குறிப்புகளாகவும் ஓவியங்களாகவும் எழுதிவைக்கச் செய்த அவ்வரண்மனையின் நுண்ணோக்கு, மகப்பேறு கடந்த பெண்ணுக்கு ஒரு தனித் தலைப்பை ஈந்திலது. பெரும்பாட்டுக்கு மருந்து கேட்கும் நாற்பத்தைந்து ஆண்டுப் பெண்ணுக்கும் இருபத்தைந்து ஆண்டுப் பெண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு பகுப்பில் இடம்பெறவில்லை.

வீட்டு மரபு

நிலையங்கள் விடுத்ததை வீடு ஓரளவு தாங்கிற்று. சம்பா, தாளடி அறுவடைக்கு முன்னரே நின்ற பயிரின் ஊடே உளுந்து விதைத்து, எஞ்சிய ஈரத்தில் விளைவித்துக்கொள்ளுதல் இந்நெல்நாட்டின் பழக்கம். அவ்வுளுந்து, நல்லெண்ணெயும் பனைவெல்லமும் சேர்ந்த களியாகிப் பூப்பெய்திய சிறுமிக்கு ஊட்டப்படும். இடுப்புக்கு வலிமை தரும் என்பது முதியோர் கூற்று. பிள்ளைபெற்றவளுக்குக் காயமும் பத்தியமும் உண்டு. தண்ணீர்விட்டான் கிழங்கு, சோற்றுக்கற்றாழை, அசோகப்பட்டை என்பன பெரும்பாட்டுக்கும் வெள்ளைக்கும் வழங்கின. இவற்றுள் எவை எத்துணைப் பயன்தரும் என்பது இக்கால முறைப்படி இன்னும் முற்றத் தேறவில்லை.

பூப்பு நின்றவளுக்கென ஊட்டும் உணவோ எடுக்கும் சடங்கோ இல்லை. அவள் பெற்றது ஒருவகை விடுதலை. தீட்டுக் கருதி விலகியிருத்தல் ஒழிந்தது. கோயிற் பணியிலும் அடுக்களையிலும் நாள் பாராது புகலாயிற்று. பல பெண்டிர் இதனை மகிழ்ந்தே ஏற்றனர். அம்மகிழ்ச்சியை யாம் சிறிதும் மறுக்கவில்லை. ஆயின் விடுதலையோடு கூடவே எலும்பின் தேய்வும், உறக்கக் கேடும், சிறுநீர்க் கடுப்பும் வருதல் உண்டு. ஆடி, புரட்டாசித் திங்கள்களில் சேற்றில் குனிந்து நடவு நடும் உழவுப்பெண்ணின் இடுப்புவலி, உழைப்பின் கூலியாகக் கருதப்பட்டதே அன்றி, அதில் உட்சுரப்புக் குறைவின் பங்கு எத்துணை என வினவுவார் இலராயினர்.

புதிய மருத்துவம் கொணர்ந்ததும் கொணராததும்

பூப்பொழிவுக்கு ஒற்றைப் பெயரிட்ட பெருமை பிரெஞ்சு மருத்துவர் கார்தான் என்பாரைச் சாரும். 1821-இல் அவர் வழங்கிய ‘மெனோபாஸ்’ என்னும் சொல் பின்னர் உலகெங்கும் பரவிற்று. ‘ஹார்மோன்’ என்னும் சொல்லை இங்கிலாந்து நாட்டு ஸ்டார்லிங் 1905-இல் வழங்கினார். 1929-இல் ஈஸ்ட்ரோசன் வகைச் சுரப்பொன்று தூயநிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. பிறக்கும்போதே சூலகத்தில் அமைந்த முட்டைகள் குறையக் குறைய ஈஸ்ட்ரோசன் சுரப்புத் தாழும் என்பதும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அதனை ஈடுசெய்யவேண்டிச் சூலகத்தை மிகுதியாக ஏவும் என்பதும், உடல்வெப்பத்தைச் சமன்செய்யும் மூளைப்பகுதி அப்போது சிறு மாறுதலுக்கும் பெரிதாக எதிர்வினை செய்வதே காந்தலுக்குக் காரணம் என்பதும் படிப்படியாக விளங்கின.

இவ்வறிவு வந்தும், இந்நாட்டில் எழுந்த புதிய மகளிர் மருத்துவமனைகள் பழைய பகுப்பையே தொடர்ந்தன. சென்னையில் 1844-இல் தோன்றிய எழும்பூர் மருத்துவமனை தொடக்கத்தில் பிள்ளைப்பேற்று மனை என்ற பொருளமைந்த ஆங்கிலப் பெயரையே தாங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் பெண்டிரை மாணவராக ஏற்றது. அவருள் ஒருவரான மேரி சார்லீப் முயற்சியால் 1885-இல் கோஷா மகளிர்க்கு மருத்துவமனை எழுந்தது. ஆடவர் முன் வாராத பெண்டிர்க்கும் மருத்துவம் எட்டிய நாள் அது. தஞ்சைக்கு அண்டைய புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் கண்டார். தஞ்சையில் மிராசுதாரர் நன்கொடையால் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த இராசா மிராசுதார் மருத்துவமனை, தஞ்சை மருத்துவக் கல்லூரி தோன்றிய பின்னர் அதனோடு இணைந்து, இன்று பெரும்பான்மையும் மகப்பேறு, மகளிர் நோய், குழந்தை நோய் ஆகியவற்றுக்கு உரியதாய் இயங்குகின்றது.

பேற்றுக்கு முதன்மை அளித்தது பிழையோ எனின், அன்று. பேற்றில் தாயர் மடிந்த காலத்தில் பேற்றைக் காத்தலே முதற்கடன். விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டே. இன்று அது எழுபதை எட்டியுள்ளது. நாற்பத்தாறில் பூப்பு நின்ற பெண்ணுக்கு முன்னே முப்பதாண்டு வாழ்வு கிடக்கின்றது. முதற்கடனைச் செவ்வனே ஆற்றியதன் பயனாகவே இரண்டாம் கடன் பெரிதாகி நிற்கின்றது என்க.

மருந்தின் வரலாறும் எச்சரிக்கை தருவதே. குறைந்த சுரப்பை வெளியிலிருந்து ஈடுசெய்யும் முறை 1960-களில் அமெரிக்காவில் அளவிறந்து புகழப்பட்டது. 2002-இல் வெளிவந்த பேராய்வு ஒன்று, ஈஸ்ட்ரோசனும் புரோசெஸ்டினும் சேர்த்து உண்டோர்க்கு மார்பகப் புற்று, பக்கவாதம், குருதியுறைவு ஆகியன ஓரளவு மிகக் கண்டது. உடனே பலரும் அம்மருந்தைக் கைவிட்டனர். அவ்வாய்விற் பங்குற்றோரின் சராசரி அகவை 63 என்பதும், அறுபதுக்கு உட்பட்ட அல்லது பூப்பு நின்று பத்தாண்டு கடவாத பெண்டிர்க்குக் கடுந்துயர் இருப்பின் பயன் மேம்படும் என்பதும் பின்னர்த் தெளிவாயின. யாவர்க்கும் தருக என்பதும் யார்க்கும் தரற்க என்பதும் ஆகிய இருமுனையும் தவறு. ஒவ்வொரு பெண்ணின் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்யும் சிறப்பு மருத்துவம் வேண்டும் என்பதே அவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

தஞ்சைச் சோதனைத் திட்டமும் அதன் எல்லையும்

பேறு கடந்த பெண்ணையும் நாடி அரசு மருத்துவம் சென்ற நிகழ்ச்சி தஞ்சை வரலாற்றில் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு நலவாழ்வு அமைப்புத் திட்டத்தின்கீழ், 2007-இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை முன்மாதிரியாக மேற்கொள்ளப்பட்ட மாவட்டங்கள் இரண்டு: ஒன்று தேனி, மற்றொன்று தஞ்சாவூர். முப்பது அகவை கடந்த பெண்டிர் சோதிக்கப்பட்டனர். பின்னர் மாநிலம் முழுதும் அம்முறை விரிந்தது. கருவுறுதலைக் காரணமாகக் கொள்ளாது பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்த அழைப்பு என்ற வகையில் இதனை ஒரு திருப்பம் எனலாம்.

அங்கும் ஓர் எல்லை உண்டு. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணாற் காண்பதே அச்சோதனை. செலவு மிகச் சிறிது; செவிலியரே செய்யலாம். ஆனால் பூப்பு நின்றபின் ஈஸ்ட்ரோசன் குறைதலால், புற்று முதலில் தோன்றும் தோல்மாறு பகுதி கருப்பைவாயின் உட்குழலுள் ஒடுங்கி விடுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத இடத்தில் கண்சோதனை பயன்படாது. ஆதலின் அப்பருவத்தார்க்கு வைரசைக் கண்டறியும் ஆய்வு போன்ற வேறு முறைகள் வேண்டப்படும்.

இன்னும் ஒன்று. பூப்பு நின்றுவிட்டது என மருத்துவர் கொள்வது, தொடர்ந்து பன்னிரண்டு திங்கள் குருதி காணாத பின்னரே. அதன்பின் ஒரு துளி காணினும் ஆராய்தல் வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளிவந்த கணக்கின்படி, அவ்வாறு குருதி கண்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர்க்குக் கருப்பை உட்சவ்வுப் புற்று இருந்தது. அப்புற்று உடைய பூப்பு நின்ற பெண்டிரை நோக்கின், நூற்றுக்கு ஏறத்தாழ 91 பேர்க்குக் குருதிப்போக்கே குறியாக வெளிப்பட்டது. பெரும்பாலோர்க்குச் சவ்வு மெலிதல் போன்ற எளிய காரணமே உண்டு. எனினும் அவ்வொன்பதின்மர் யார் என்பது ஆராயாமல் தெரியாது. முன்னரே வந்தால் கருப்பையை நீக்கி உயிர்காத்தல் பெரும்பாலும் கூடும். நோய் தன் வரவைத் தானே அறிவிக்கின்றது. அறிவிப்பைப் படிக்கும் கண்ணே வேண்டும்.

முடிவுரை

இனிக் கண்ட முடிபுகளைத் தொகுத்துரைப்போம். பூப்பு ஐம்பதளவில் ஒழியும் என்னும் அறிவு 1121-லேயே காவிரிக் கரை மடத்தில் பயிலப்பட்டது. ஆதுலசாலையும் சத்திரமும் அரண்மனையும் மருத்துவமனையும் பெண்ணைப் பேணின. ஆயின் பெரிதும் மகப்பேற்றின் பொருட்டே அவளை எண்ணின. இலக்கியப் பகுப்பு நாற்பதோடு நின்றது. மருத்துவச்சி என்னும் சொல் பேற்றுக்குள் ஒடுங்கிற்று. இந்நான்கும் ஒரே போக்கின் நான்கு வெளிப்பாடுகள்.

இதில் தமிழாய்வார்க்கு என்ன கடன் எனின், கடன் உண்டு. இன்று நூல்களில் மாதவிடாய் நிறுத்தம் என்னும் தொடர் வழங்குகின்றது. நிறுத்தம் பிறவினையினின்று பிறந்த பெயர். எவரோ நிறுத்தினார் என்னும் நிழல் அதன்கண் படிகின்றது. கருப்பையும் சூலகமும் அறுவையால் நீக்கப்பட்ட பெண்ணுக்கு அது பொருந்தும். தானே ஓய்ந்த பெண்ணுக்கு நிற்றல் என்னும் தன்வினையே பொருந்தும். இவ்விரு நிலைகளின் குறிகளும் மருத்துவமும் வேறுபடுதலின், சொல்லும் வேறுபடுதல் நன்று. பூப்பு ஒழுங்கு குலைந்து இன்னும் நில்லாத இடைக்காலத்துக்கும், நின்றபின் தோன்றும் குருதிக்கும் தனித்தனிச் சொற்கள் வேண்டும். அவற்றை ஆங்கிலத்தினின்று பெயர்த்துக் கொள்ளுதலினும், நாற்று நடும் பெண்டிரிடமும் எஞ்சியுள்ள முதிய மருத்துவச்சியரிடமும் கேட்டுத் தொகுத்தல் சாலச் சிறந்தது. வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கும் மாணவர், உழவுச் சொற்களோடு இவற்றையும் சேர்த்துத் தொகுப்பாராக.

‘நின்றுவிட்டது’ என்னும் வினை மட்டும் உடையவள், மீண்டும் குருதி கண்டால் ‘மறுபடி வந்துவிட்டது’ என்று எண்ணி வாளாவிருப்பாள். வந்தது பழைய பூப்பே என்று கருதுவாள். நின்றது ஒரு பருவத்தின் முடிவு என்பதற்குப் பெயர் அறிந்தவளோ, முடிந்தபின் வந்தது வேறொன்று என உணர்ந்து மருத்துவரை நாடுவாள்.